விலை குறைந்த ஆட்டக்காரன்

சைக்கிள் வாங்கக் காசு கொடுத்துவிட்டு, கார் எங்கே என்று கேட்பவர்கள்தான் எங்கள் கால்பந்து கிளப்பில் அதிகம். என் தம்பியை விசாரிக்கக் கூடியிருக்கும் நீங்களும் அந்த ரகம் என்று சொல்ல வரவில்லை. பயிற்சியாளராக அவன் ஜெயித்ததையும் தோற்றதையும் பார்க்கிறீர்கள். ஆள் எடுக்க அவன் கையில் என்ன கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடனை அடைக்க நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் விற்றீர்கள். இந்த வருஷமும் கடைசியில் நின்றால் வீட்டுக்குப் போ என்றும் சொன்னீர்கள்.

அப்போதுதான் கொக்கு கிடைத்தான். நீளமான கால்கள், அதனால் அந்தப் பெயர். ஒல்லிப்பயல், தாங்கமாட்டான் என்று பெரிய கிளப்புகள் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விலை மலிவு.

புதிதாக யார் வந்தாலும், கிளப்பின் டாக்டரான நான் பரிசோதித்துச் சரி என்றால்தான் ஒப்பந்தம். தம்பி வெளியே பெஞ்சில் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

“என்னக்கா, நம்ம ஆளு ஓடுவானா?”

அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். அந்த முகம் வாடினால் எனக்குத் தாங்காது. கொக்கின் இதயத்தசை தடித்திருந்தது. ஓடக்கூடாத இதயம்.

“குதிரைடா,” என்றேன்.

குதிரையாகத்தான் ஓடினான். ஆட்டத்துக்கு ஆட்டம் கோல். பட்டியலில் நாம் மளமளவென்று மேலே ஏறினோம். நடுவில் ஒருநாள் என்னைத் தேடி வந்தான்.

“டாக்டரம்மா, மாடி ஏறினா கண்ணு இருட்டுது.”

“பொண்ணு பாத்திருக்காங்களாமே? இருட்டாம என்ன செய்யும்?”

வெட்கப்பட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவனை உட்காரவைத்தால் தம்பியிடம் வேறு ஆள் இல்லை. சத்து மாத்திரை கொடுத்தேன். வெறுங்கையோடு அவனை அனுப்பியதே இல்லை.

பிறகு ஒரு ஆட்டத்தில், பந்தே இல்லாத இடத்தில் கொக்கு சரிந்து விழுந்தான். ஓடிப்போய் என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். நீங்களே பார்த்தீர்கள்.

தம்பி இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. “நான்தான்க்கா அவன விரட்டி விரட்டி ஓடவிட்டேன்,” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். நீங்களும் அதைத்தான் அவன் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். அதனால்தான் வந்தேன். பயிற்சியில் ஒரு தவறும் இல்லை. அந்த இதயத்தைப் பார்த்தவள் நான். தெரிந்தே ஓடவிட்டவளும் நான்.

கொக்கின் அம்மா என் கையை விடவே இல்லை. “கடைசியில நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அது போதும்மா,” என்றார். “ஆமாம்மா,” என்றேன். இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். என் அழுகை பொய்யில்லை.

அவன் சாவை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் போட்ட கோல்களைத் தம்பியின் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அவை நியாயமாகக் கிடைத்தவை.