நாக்கை எங்கே புதைத்தீர்கள்?

இந்த மருத்துவ முகாமைத் தொடங்கிவைக்கத் தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, கரமடி வலைக் கயிறு இழுத்துக் கை காய்த்த பெரியோர்களே, மீன்கூடையை இறக்கிய கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, பொழியூர்ப் பெருமக்களே! பத்தாம் வகுப்பு ஜேனட்டின் பணிவான வணக்கம்.

மேடையில் நிற்கப் பயமாக இருக்கிறது. ஆனால் போன மாதம் பட்ட பயத்துக்கு இது ஒரு பயமா?

என் அப்பா இக்னேஷியஸை அறியாதவர் உண்டா? உச்சி வெயிலில் வலை இழுக்கையில் அவர் வலது கையிலிருந்து கயிறு நழுவியது. "எலே, நின்னுகிட்டே உறங்குதியா?" என்று கேலி பறந்தது. கை தொங்கியது, நாக்குக் குழறியது. ஈசாக் மாமா அந்தக் கையைச் சுடுமணலில் புதைத்தார். பத்தே நிமிடம்! கை வந்தது, பேச்சும் வந்தது. "மணலு மருந்தாக்கும்!" என்று கரையே கைதட்டியது.

சிரிக்காதீர்கள் மாமா, அன்று நானும்தான் கைதட்டினேன்.

வீட்டில் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: "கைய மணலுல பொதச்சீங்க, செரி. நாக்க எங்க பொதச்சீங்க?"

மணல் படாமலேதானே பேச்சு திரும்பியிருந்தது! அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கழுத்தின் இடப்பக்க ரத்தக்குழாய் முக்கால் பங்கு அடைத்திருந்தது. அடைப்பை நீக்க ஆபரேஷன் உண்டு. ஆனால் அந்த ஆபரேஷனிலேயே பக்கவாதம் வரவும் கூடும் என்றார் டாக்டர் பிரசீதா. அப்பா எழுந்துவிட்டார். "கை நல்லாத்தான இருக்கு டாக்டரே? பின்ன எதுக்கு கழுத்த வெட்டணும்?"

செய்தாலும் பயம், செய்யாவிட்டாலும் பயம். எந்தப் பயம் பெரிது? யார் சொல்வது?

படம் சொன்னது! மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதே இடப்பக்கத்தில், வலது கையை இயக்கும் பக்கத்தில், மூன்று வெள்ளைப் புள்ளிகள். கழுத்து அடைப்பிலிருந்து துணுக்குகள் பிய்ந்து போய் மூளையைத் தாக்கிய இடங்கள் அவை. ஒன்று புதியது, மற்ற இரண்டும் அப்பாவே அறியாமல் வந்துபோனவை. "இனி காத்திருக்கிறதுதான் பெரிய ஆபத்து" என்றார் டாக்டர். அப்பா கையெழுத்திட்டார்.

ஆபரேஷன் நடந்த மூன்று மணி நேரமும் அம்மா செபமாலை உருட்டினாள். நான் கதவையே பார்த்திருந்தேன். கதவு திறந்து, அப்பாவைக் கட்டிலோடு வெளியே கொண்டுவந்தார்கள். "பேர் சொல்லுங்க" என்றார் டாக்டர். "இக்னேஷியஸ்." குழறவில்லை! "மகளோட கைய அழுத்துங்க."

அழுத்தினார்.

"அப்பா, வலிக்குது!"

"வலிக்கட்டும் மக்கா. கயிறு பிடிச்ச கையாக்கும்!"

மறுநாள் எடுத்த படத்தில் புதிய புள்ளி ஒன்றுகூட இல்லை. அன்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறார உண்டோம்.

பெரியோர்களே! கை சோர்ந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால், பத்து நிமிடத்தில் சரியானாலும் புறப்படுங்கள்! வேலை முடியட்டும் என்று நிற்காதீர்கள், நாளை பார்ப்போம் என்று படுக்காதீர்கள், உடனே புறப்படுங்கள்! அந்த நோய் விலகிப் போகவில்லை, திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது!

அதோ, மூன்றாம் வரிசையில் அப்பா கையசைக்கிறார், "போதும், இறங்கு" என்று. எந்தக் கை என்று பாருங்கள்! வலது கை!

அந்தக் கையைக் காத்தவர்களுக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி சொல்லி, அப்பா சொன்னபடியே இறங்குகிறேன். வணக்கம்.