கராஜ் கதவுக்குக் கீழே வெளிச்சம்

என் முழுப்பெயர் சூசைப்பிள்ளை செபமாலை. வயது அறுபத்தெட்டு. பிறந்த இடம் மன்னார். தற்போது கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், என் மகன் றொய்சனின் வீட்டில் அவனுடனும் மருமகள் செரீனாவுடனும் வசிக்கிறேன். பிளாஸ்ரிக் போத்தல் தொழிற்சாலையில் மெஷின் திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்துவிட்டார். என் ஆங்கிலம் வேலைக்குப் போதுமாக இருந்தது, வாக்குமூலத்துக்குப் போதாது. ஆகையால் மொழிபெயர்ப்பாளர் அருள்நாயகி அவர்களின் முன்னிலையில் தமிழில் சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. தேத்தண்ணி தந்தார்கள், சீனி காணாது.

கடந்த சனிக்கிழமை பிற்பகல் எங்கள் கராஜுக்குள் அடுப்பின் நச்சுவாயு நிரம்பி, நானும் என்னைப் பார்க்க வந்திருந்த இரத்தினவேல் அண்ணையும் மயங்கி விழுந்ததைப் பற்றிப் பொலிஸ் அதிகாரி கேட்கிறார். மகனும் மருமகளும் என்னைப் பனிக்காலத்தில் கராஜில் ஒதுக்கி வைத்திருந்தார்களா என்றும் கேட்கிறார். அப்படியென்றால் றொய்சன் மேல் வழக்கு வருமாம். அப்படி இல்லை. எனக்கு மேல்மாடியில் தனி அறை உண்டு, மெத்தை உண்டு, தொலைக்காட்சி உண்டு. அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, தனிமையும் இல்லை. கராஜுக்கு நானாகத்தான் போனேன்.

அங்கே நான் கதிரை திருத்துகிறேன். சனங்கள் குப்பைக்கு வைக்கும் உடைந்த கதிரைகளை எடுத்து வந்து, கால் பூட்டி, வார்னிஷ் அடித்து வைப்பேன். கோடையில் கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்கும். தெருவால் போகிறவர்கள் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். இரத்தினவேல் அண்ணை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். சீனி வியாதிக்காக நடக்க வெளிக்கிட்டு, என் கதிரை ஒன்றில் வந்து குந்திவிடுவார். நடந்ததாக வீட்டில் போய்ச் சொல்வார். பனி விழத் தொடங்கியதும் கதவு சாத்தப்படும். அதன்பின் ஒருவரும் வரமாட்டார்கள்.

வீட்டில் யார் இருப்பார்கள் என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன். றொய்சன் பிக்கரிங்கில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்துவிட்டு வந்து பகலில் படுப்பான். செரீனா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். என்னிலும் வயது குறைந்தவர்களுக்கெல்லாம் சோறு தீத்தி, கதை கேட்டு, களைத்து வருகிற பிள்ளையிடம், இனி என்னோடும் இருந்து கதை என்று நான் எந்த வாயால் கேட்பது?

அதனால் போன மார்கழியில் கராஜுக்கு ஒரு ஹீற்றிங் செய்ய முடிவு செய்தேன். சூடாக இருந்தால் ஆட்கள் வருவார்கள் என்பதே என் கணக்கு. தடித்த இரும்புத் தொட்டி ஒன்றை வெட்டி விறகு அடுப்பாக்கினேன். அதைச் சுற்றிச் செம்புக் குழாய் வளைத்து, சின்னப் பம்ப் ஒன்றினால் அதற்குள் தண்ணீர் ஓடவிட்டு, அந்தச் சுடுதண்ணீரை ஒரு பழைய கார் றேடியேற்றருக்குக் கொடுத்து, பின்னால் விசிறி வைத்தேன். யன்னல் கண்ணாடியைக் கழற்றித் தகரம் அடித்து, அதனூடாகப் புகைக்குழாயை வெளியே விட்டேன். முதல் தரம் மூட்டிய அன்று றேடியேற்றரில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது. சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்குள் ஓடினேன். றொய்சன் நித்திரை. செரீனா வேலையில். திரும்பி வந்து இன்னொரு கட்டையை அடுப்பில் போட்டேன்.

றொய்சன் அதைப் பிறகுதான் பார்த்தான். “அப்பா, உது டேஞ்சர். உள்ளுக்கு ஹீற்றிங் இருக்குத்தானே?” என்றான். அவன் சொன்னது சரி. உள்ளே ஹீற்றிங் இருக்கிறது. வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தானாக எரிந்து தானாக நிற்கும். நான் கேட்கமாட்டேன் என்று தெரிந்ததும், நச்சுவாயு வந்தால் கத்துகிற அலாரம் ஒன்றை வாங்கி வந்து, நித்திரையும் கொள்ளாமல் அவனே கராஜ் சுவரில் பூட்டினான். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளவும்.

கராஜ் கதவை எப்போதும் ஒரு சாண் உயர்த்தியே வைத்திருந்தேன். அடுப்புக்குக் காற்று வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றது, முழுக்கச் சாத்தினால் உள்ளே ஒரு மனுஷன் இருப்பது வெளியே ஒருவருக்கும் தெரியாது. அந்த இடைவெளியால் வெளிச்சம் பனியில் விழும். அதைப் பார்த்தாவது இரத்தினவேல் அண்ணை வருவார் என்று நினைத்தேன். தை மாதம் பாதி போயும் அவர் வரவில்லை.

சனிக்கிழமை வந்தார். செரீனா வேலைக்குப் போயிருந்தாள், றொய்சன் மேலே படுத்திருந்தான். அண்ணை கம்பால் கதவைத் தட்டிக் குனிந்து பார்த்து, “என்ன ஐசே, றோட்டுக்கே ஹீற்றர் போடுறீரோ?” என்று கேட்டார். நான் கதவை உயர்த்தி, ஆகத் திறமான கதிரையை எடுத்துப் போட்டேன். கொஞ்சம் இருந்துவிட்டு, “முழங்கால் விறைக்குது. உந்தக் கதவை இழுத்துச் சாத்தும். இல்லாட்டி நான் போறன்” என்றார். அவர் போய்விடுவார் என்ற பயத்தில் கதவை நிலம் வரை இறக்கினேன். அதன்பின் ஒரு பழைய போர்வையைச் சுருட்டி அடியில் அடைத்தேன்.

அதன்பின் அவருக்கு மீன் கட்லட் பொரிக்கத் தொடங்கினேன். எங்கள் ஆட்களின் பல வீடுகளைப் போல எங்களுக்கும் கராஜில்தான் பொரியல் எல்லாம். அதற்கென்று ஒரு கறன்ற் அடுப்பும், புகையை வெளியே இழுக்கும் பெரிய விசிறியும் உண்டு. பொரியல் மணம் வின்ரர் ஜக்கெற்றில் ஏறினால் லேசில் போகாது, அதோடு பஸ்ஸில் ஏற எல்லோருக்கும் வெட்கம். இரத்தினவேல் அண்ணையின் ஜக்கெற் புதிது. ஆகவே விசிறியைப் போட்டேன். பொரிக்கும்போது அலாரம் சும்மா சும்மா கத்தும் என்று எங்கள் வீட்டில் ஒரு பழக்கம், குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்ரிக் தொப்பியால் அதை மூடிவிடுவோம். புகைக்குக் கத்துவது வேறு அலாரம், இது வேறு என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பொலிஸார் எடுத்த தொப்பி செரீனாவுடையதுதான். அதை அலாரத்தில் போட்டது நான்.

கதவு அடைத்திருந்ததால் விசிறி இழுக்க வேறு காற்று இல்லாமல், விறகு அடுப்பின் புகைக்குழாயால் போக வேண்டியதைத் திருப்பி உள்ளே இழுத்திருக்கிறது. இதைத் தீயணைப்புப் படையினர் பின்னர் விளக்கினார்கள். அந்த நேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் கட்லட் தின்றோம். அவர் மகளின் மாமியாரைப் பற்றி வம்பு சொன்னார். நான் ஒன்று சொல்ல, “விடும், விடும், நான் சொல்லி முடிக்கிறன்” என்று என்னை மறித்தார். என் பேச்சை ஒருவர் மறித்து எவ்வளவு காலம்! எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. கொஞ்சத்தில், “செபமாலை, தலை இடிக்குது” என்றார். எனக்கும் இடித்தது. எண்ணெய்ப் புகையாக்கும் என்று சொல்லி விசிறியை இன்னும் கூட்டினேன். அதன்பின் அவர் கதிரையில் சரிந்ததைக் கண்டேன். எழும்பப் பார்த்தேன், கால் வரவில்லை. அதன்பின் நடந்தது எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்து எங்களை வெளியே இழுத்துப் போட்டவர் பக்கத்து வீட்டு மாக்கஸ். அவருக்குக் கையசைத்ததுண்டே தவிரப் பேசியதில்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தினமும் பனி வழிக்கும்போது என் கதவின் கீழே வெளிச்சம் தெரியுமாம். கிழவர் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாராம். அன்றைக்குக் குழாயில் மெல்லிய புகை தெரிந்தும் கீழே வெளிச்சம் இல்லையாம். அதனால்தான் வந்து கதவைத் திறந்தாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது. தாதி வந்து நோகுதோ என்று கேட்டார்.

இரத்தினவேல் அண்ணை நேற்றுக் கண் திறந்து மகளின் பெயரைச் சொன்னதாக அறிந்தேன். அந்த ஹீற்றிங்கைச் செய்தது, மூட்டியது, கதவை அடைத்தது எல்லாம் நான். றொய்சனுக்கோ செரீனாவுக்கோ இதில் பங்கில்லை. அதைக் கழற்றி எடுத்துப் போக எனக்குச் சம்மதம். கதிரைகளை மட்டும் விட்டுவிடவும்.

இவ்வளவும் எழுதிய பின் அருள்நாயகி அவர்கள் எனக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டினார். “ஒரு குறையும் இல்லை, தனிமையும் இல்லை” என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். “பிள்ளை, குறையில்லை எண்டது நிக்கட்டும். மற்றதை வெட்டுங்கோ” என்றேன். அதை வெட்டினால் மகனுக்குப் பாதகமாகலாம் என்று அதிகாரி எச்சரித்தார். கீழே உண்மை என்று கையெழுத்து வைக்க வேண்டியவன் நான். தனிமைக்கு றொய்சன் காரணம் இல்லை, ஆனால் நான் தனியாகத்தான் இருந்தேன். “வெட்டுங்கோ” என்றேன். வெட்டிய இடத்தில் சிறு கையெழுத்து வைத்திருக்கிறேன்.

இதன் பிரதி ஒன்று மகனுக்குக் கொடுக்கப்படும் என்று சொல்லப்பட்டது. அவன் இன்று வேலைக்குப் போகாமல் வெளியே வாங்கில் குந்திக் காத்திருக்கிறான். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆறுதலாக வாசிக்கட்டும்.

வாசிக்கக் கேட்டேன், விளங்கிக்கொண்டேன். வெட்டியது போக மீதி எல்லாம் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

(ஒப்பம்) சூ. செபமாலை