டார்லாவின் கைப்பையில் ஆறு பொட்டலங்கள்

இந்த டார்டன் வட்டாரத்தில் என்னைப் போல நிதானமாக வண்டி ஓட்டுகிறவர்கள் அதிகம் பேர் இல்லை. ஷெரிஃப் அலுவலகத்தில் போலீஸ்காரனாகப் பதினெட்டு வருடம் ரோந்து போயிருக்கிறேன். ஒரு அணிலைக்கூட அடித்ததில்லை. அதனால்தான் அந்தப் பள்ளிப் பேருந்து விஷயம் என்னை அவ்வளவு உறுத்தியது. நீங்கள் ராய்ஸ் பிகெட்டைப் பற்றிக் கேட்டீர்கள், தெரியும். ஆனால் தொடக்கம் அங்கேதான்.

மார்ச் மாதம். ராய்ஸின் மனைவி டார்லா ஓட்டும் மஞ்சள் பேருந்து, சிவப்பு விளக்கைப் போட்டு 'நில்' பலகையை நீட்டிக்கொண்டு நின்றது. அப்படி நின்றால் சாலையில் எல்லா வண்டியும் நிற்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பிள்ளைகள் யாரும் இன்னும் இறங்கவில்லை. எனக்கு அவசர வேலை இருந்தது, தாண்டிப் போனேன். அவள் புகார் எழுதிப் போட்டாள். ஷெரிஃப் என்னை இரண்டு வாரம் சிறைக் காவலுக்கு மாற்றினார். அதை நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது வேறு. திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்கு வழக்கமான கடைக்குப் போனேன். டார்லா கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

"வாப்பா லைல். வாசல்ல 'நில்'னு போர்டு ஏதும் இருந்துதா? இருந்தா நீ உள்ள வந்திருக்க மாட்டியே. இல்ல, வந்திருப்பியோ?"

கடையே சிரித்தது. அவள் விடவில்லை.

"ஒம்பது வயசுல என் பஸ்லதான் வருவான். அப்பவே உக்காருன்னா உக்கார மாட்டான். இப்ப நில்லுன்னா நிக்க மாட்டேங்கறான்."

தீவனக் கடைக்காரனுக்கு மூக்கு வழியாகக் காப்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான்கு மாதம், எங்கே போனாலும் யாராவது ஒருவர் கையை நீட்டி, "நில்லு லைல்" என்பார்கள். வேடிக்கைக்குத்தான். நானும் சிரிப்பேன். போலீஸ் சட்டை போட்டிருக்கிற ஒருவனைப் பார்த்து ஊர் சிரிக்கத் தொடங்கினால் அப்புறம் அங்கே சட்டம் நிற்காது. அதை யாராவது சரிசெய்யத்தான் வேண்டும்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், நெடுஞ்சாலையில் அவளுடைய சொந்தக் காரை நிறுத்தினேன். பின்விளக்கு உடைந்திருந்தது என்று அறிக்கையில் இருக்கிறது. நான் அங்கிருந்து கிளம்பியபோது உடைந்துதான் இருந்தது.

உரிமத்தை எடுக்க அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலங்கள், ஆறு. எல்லாவற்றிலும் வெள்ளைப் பவுடர்.

"இது என்ன மேடம்?"

"ராய்ஸுக்குத்தான். தண்ணியக் கெட்டியாக்கறதுக்குக் கலக்கற பவுடர். டம்ளருக்கு ஒண்ணுன்னு அளந்து வெச்சிருக்கேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப வேணும்ல. பக்கவாதம் வந்ததுலேருந்து வெறும் தண்ணி குடிச்சா நேரா நுரையீரலுக்குப் போயிடுது. உனக்குத் தெரியாததா லைல்? உங்கப்பாவுக்கும் இதைத்தானே…"

"வண்டிய விட்டு இறங்குங்க மேடம்."

எனக்குத் தெரியும். மறைக்க ஒன்றுமில்லை. என் அப்பாவுக்கு இரண்டு வருடம் நான்தான் அதைக் கலக்கிக் கொடுத்தேன். கூழ் மாதிரி ஆகும்வரை கலக்க வேண்டும். "ஒரு வாய் நல்ல தண்ணி குடுடா" என்று அவர் தினமும் கெஞ்சுவார். ஒருநாளும் கொடுத்ததில்லை. விதி என்றால் விதி, நான் அப்படிப்பட்டவன்.

ஆனால் எனக்குத் தெரிவது சாட்சியம் ஆகாது. அதற்குத்தான் சோதனைப் பை கொடுத்திருக்கிறார்கள். பவுடரைப் போட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடிக் குப்பியை உடைத்துக் குலுக்கினால், கொக்கெய்ன் இருந்தால் நீலமாகும். முதல் பை இளஞ்சிவப்பாகவே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வெயிலில் தூக்கிப் பிடித்து, கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, ஓரத்தில் கொஞ்சம் நீலம் தட்டுகிற மாதிரி இருந்தது. நீலம் என்று எழுதினேன். மற்ற இரண்டு பைகளும் பள்ளத்தில் எங்கேயாவது கிடக்கும்.

கைவிலங்கு போட்டபோது அவள் திமிறவில்லை. சிரிக்கவும் இல்லை. அன்று மாலைக்குள் பள்ளி நிர்வாகம் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டது. முப்பத்தைந்து வருடம் ஓட்டிய பேருந்து. அத்தோடு நான் விட்டிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நீதிபதி திங்கட்கிழமைதான் வருவார். சிறையில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னை என்ன வேணா பண்ணிக்கோ லைல். ராய்ஸ் வீட்ல தனியா இருக்காரு. அவரால எந்திரிக்க முடியாது. நர்ஸ் திங்கக்கிழமைதான் வருவா, பக்கத்து வீட்டுக்காரங்களும் ஊர்ல இல்ல. யாரையாவது அனுப்புப்பா. பவுடர் கலக்காம தண்ணி குடுத்துடக் கூடாதுன்னு சொல்லு. கெஞ்சிக் கேக்கறேன்."

"கவலைப்படாதீங்க. நானே போறேன்" என்றேன்.

அவள் அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னாள். அரைமணி நேரம் கழித்துச் சிறைக் காவலன் வந்து, அந்த அம்மா தங்கையைப் போனில் கூப்பிட வேண்டும் என்கிறாரே என்று கேட்டான். தேவையில்லை, எல்லாம் ஏற்பாடு செய்தாகிவிட்டது என்றேன்.

வெள்ளி மாலை எனக்கு வீட்டில் புல் வெட்டும் வேலை இருந்தது. போகவில்லை. சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை ஜாமீனில் வீட்டுக்குப் போனவள், நாற்காலியில் இறந்து கிடந்தவரைப் பார்த்தாள். பாத்திரத் தட்டில் ஒரு கண்ணாடிக் குவளை கவிழ்ந்திருந்ததையும் பார்த்தாள். அவள் குவளைகளைக் கவிழ்ப்பதில்லையாம், எப்போதும் நிமிர்த்தித்தான் வைப்பாளாம். போக நேரம் கிடைக்கவில்லை என்று நான் சொல்லியிருந்தேன்; அவளோ யாரோ வந்திருக்கிறார்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவரும் காதில் வாங்கவில்லை. மூன்று வாரம் கழித்து, அந்தப் பவுடர் வெறும் மாவுப்பொருள் என்று ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான், மாநிலத் தலைநகரிலிருந்து நீங்கள் விசாரணைக்கு வந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள்.

ஆமாம், குவளையைக் கழுவியது நான்தான். எங்கள் வீட்டில் கவிழ்த்துத்தான் வைப்போம்.

ராய்ஸ் ஜன்னலோரம், சாய்வு நாற்காலியில் இருந்தார். உதடு வெடித்திருந்தது. ஒரு நாள் முழுக்க அவர் எதுவும் குடிக்கவில்லை.

"டார்லா… எங்க?" வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

"வந்துடுவாங்க சார்."

"தண்ணி."

சமையலறைக்குப் போனேன். பவுடர் டப்பா மேடையில், அவருடைய பார்வை படும் இடத்தில்தான் இருந்தது. அதன்மேல் டார்லாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'கலக்காமல் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது.' படித்தேன். குழாயைத் திறந்து குவளையை நிரப்பினேன். வெயில் நாள் என்பதால் ஐஸ் கட்டியும் இரண்டு போட்டேன்.

அதைச் செய்தபோது எனக்கு அவர்மேல் கோபமே இல்லை. அப்பாவுக்குக் கிடைக்காத ஒன்று இவருக்காவது கிடைக்கட்டும் என்றுதான் இருந்தது. தலையைப் பின்னால் தாங்கிப் பிடித்துக் குடிக்கவைத்தேன். பாதிக் குவளையில் இருமல் வந்தது. முகம் கறுத்தது. மூச்சுக்குத் திணறினார். பக்கவாதம் தொடாத கையைத் தூக்கி, எனக்குப் பின்னால் அந்த டப்பா இருந்த பக்கமாகக் காட்டினார், திரும்பத் திரும்ப.

இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மீதியையும் கொடுத்தேன்.