சுந்தரம்மாளின் மருந்து அட்டை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அடிவாரத்துப் பெரிய டாக்டர் என் அட்டைகளை மற்ற கம்பவுண்டர்களிடம் காட்டி, எழுதினால் நம் மலை கம்பவுண்டர் சக்கரவர்த்தி மாதிரி எழுத வேண்டும் என்பாராம். அதனால்தான் ஐயா, விசாரிக்க வந்த நீங்கள், செத்துப்போன பெண்ணுக்கு மூன்று மாதம் இன்சுலின் பில் போனதை ஏதோ கைத்தவறு என்று நினைக்கிறீர்கள். தெரிந்துதான் எழுதினேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் தர்ம ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை நோய்க்காரி ஒருத்திதான். சுந்தரம்மாள், பதினாலு வயது. அவள் பெயருக்கு மாதம் இரண்டு குப்பி வரும். தினமும் போட்ட ஊசி, வாரம் ஒருமுறை சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்த நிறம், தாயார் அம்மாக்கண்ணுவின் கைநாட்டு, இவை அட்டையில் இருந்தால்தான் ஆஸ்பத்திரியை நடத்தும் சங்கம் பில்லை ஒப்புக்கொள்ளும், அடுத்த குப்பி வரும். பச்சை என்றால் பரவாயில்லை. செங்கல் நிறம் என்றால் சர்க்கரை ஏறிவிட்டது, பெரிய டாக்டரே ஜீப்பில் வந்துவிடுவார்.

எழுபத்தெட்டு ஆடியில் என் மகள் கோமளாவுக்கும் அதே நோய் வந்தது. ஒன்பது வயது, தாயில்லாப் பிள்ளை. இலவச மருந்து மலை ஜனங்களுக்கு மட்டும்தான் என்று சங்கம் இரண்டு முறை பதில் எழுதியது. என் மனைவியின் தையல் மிஷின் இரண்டு மாத மருந்துக்கு ஆயிற்று. மூன்றாம் மாதம் விற்க ஒன்றும் இல்லை. குழந்தை சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு, "அப்பா, இன்னும் தாகமா கீது" என்று அழுதாள். சுந்தரம்மாளின் மருந்து கையெட்டும் தூரத்தில், சூடு படாமல் வைத்த ஈரமணல் சட்டியில் இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

குப்பியில் பாதியைக் கோமளாவுக்கு எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டேன். ஆளுக்குப் பாதி போதும் என்று உண்மையாகவே நம்பினேன். போதவில்லை. கோமளா மறுபடி இளைத்தாள். பிறகு முக்கால் எடுத்தேன், மார்கழியில் முழுவதையும் எடுத்தேன். சுந்தரம்மாள் தினமும் இரண்டு மைல் நடந்து வந்து கையை நீட்டுவாள். ஒருநாளும் அவளைத் திருப்பி அனுப்பியதில்லை. ஊசியைக் கொதிக்க வைத்துத்தான் போட்டேன்.

அவளுடையது செங்கல் நிறமாகவே வந்தது. அட்டையில் பச்சை என்று எழுதினேன். கோமளாவின் சிறுநீரைக் காய்ச்சிய குழாயில் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். கண்ணால் பார்க்காத நிறத்தை நான் எழுதியதே கிடையாது.

"ஊசி போட்டும் புள்ள இளைச்சிக்கினே போவுதே சாமி, இன்னாங்க இது?" என்று அம்மாக்கண்ணு கேட்டாள்.

"திருட்டுத்தனமா தேன் தின்றாளா பாரு" என்றேன்.

மலையில் தேனில்லாத வீடு ஏது? அன்றைக்கே குடுவையைப் பரணில் ஏற்றிவிட்டுப் பிள்ளையை அடித்தாளாம். பிறகு சாமைக் கஞ்சியையும் குறைத்துவிட்டாள். "நான் தின்னலீங்க" என்று சுந்தரம்மாள் என்னிடம் மெல்லச் சொன்னாள். எனக்குத் தெரியும். தை மாதம் போய்ச்சேர்ந்தாள். அதற்குள் கோமளாவுக்குக் கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

மருந்து நின்றால் கோமளா பத்து நாள் தாங்க மாட்டாள். அதனால் சாவை எழுதவில்லை. கணக்கு முடிக்க வேண்டும் என்று அம்மாக்கண்ணுவை மாதாமாதம் வரச்சொன்னேன். வந்து கைநாட்டு வைத்தாள். மூன்றாம் மாதம், விரலில் இருந்த மையைக்கூடத் துடைக்காமல் என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பொங்கலன்னிக்கி அழுவுதேன்னு நாந்தான் சாமி ஒரு வெரலு தேன் நக்கக் குட்த்தேன். நீங்க அம்மாம் பாடுபட்டு ஊசி போட்டீங்க. பெத்தவ நானே கொன்னுட்டேன். மன்னிச்சிடுங்க சாமி."

அவளைத் தூக்கி உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மன்னித்துவிட்டேன், போய் வா என்றேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. இன்றுவரை அந்த அம்மாள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.