ரெண்டாம் நாள் ஆஃப் ஸ்பின்

பேரையூர் பஸ்ஸில் யாரோ டிரான்சிஸ்டரில் டெஸ்ட் மேட்ச் வர்ணனையை அலறவிட்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முன் சீட்டில் இருந்த இருவர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவருக்கு மொட்டைத்தலையில் அப்போதுதான் முடி அரும்பியிருந்தது.

"ஆஃப் ஸ்பின்னரை இப்பவே எதுக்குப் போடுறான்? ரெண்டாம் நாளு தரை கல்லு மாதிரி கெடக்கும். விரலால சுத்துற பந்து திரும்பவே திரும்பாது," என்றார் மற்றவர்.

"இதை நீ போன மாசம் சொல்லியிருக்கலாம் மாப்ள," என்றார் மொட்டைக்காரர்.

"ஏன் மாமா?"

"அண்ணன் ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒரு மேட்ச் நடந்துச்சுல்ல. அஞ்சாம் நாள் தரை வெடிச்சதும் நம்ம ஆஃப் ஸ்பின்னர் அம்புட்டுப் பேரையும் தூக்கிருவான், அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போவோம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அதுவரைக்கும் தாங்க மாட்டாருன்னு டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாரு. மனசு கேக்கல. எனக்குக் கிரிக்கெட் என்ன தெரியும்? ரெண்டாம் நாள் சாயங்காலமே போயி, நம்மாளுக ஜெயிச்சுட்டாங்கண்ணேன்னு சொல்லிட்டேன்."

"சந்தோசப்பட்டிருப்பாரே."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மொட்டைக்காரர் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஃப் ஸ்பின்னரா எடுத்தான்னு கேட்டாரு. ஆமான்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தாரு. அப்புறம், 'டாக்டர் எம்புட்டு நாளுடா சொன்னாரு?'ன்னு கேட்டாரு மாப்ள."