மூன்றாம் மாடிக் கொண்டை ஊசி

பெயர், புகாரில் கண்டபடி. பழகியவர்கள் அழைப்பது 'சட்டம்'. வயது எழுபத்தொன்று. இருப்பிடம் நூற்பாலைச் சாலை, நான்கு மாடி வீடு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. மற்றதைப் புத்தகம் வாங்கி நானே படித்துக்கொண்டேன். விசாரணையில் கூறியதாவது:

மேற்படி வீடும் நூற்பாலையும் காலஞ்சென்ற என் தம்பியின் ஒரே மகளுக்கு உரியவை. அவளுக்கு வயது இருபத்தாறு. குடித்த டம்ளரை எடுத்து வைத்துப் பழக்கமில்லை. செல்லம் கொடுத்ததில் எனக்கும் பங்குண்டு. எங்கள் வீட்டு லிஃப்ட் இரண்டு மாதத்தில் பத்து முறை நின்றது. பத்து முறையும் ஒரே மெக்கானிக் வந்தான். வேலைச் சீட்டில் 'பழுது இல்லை' என்றே எழுதினான். நாற்காலி போட்டால் உட்காரமாட்டான், டீ கொடுத்தால் தண்ணீர் போதும் என்பான். இத்தனை அடக்கம் யாருக்கும் இயல்பாக வராது. அவளிடம் கேட்டேன். "நின்னுடுச்சு பெரியப்பா, நான் என்ன பண்ண?" என்றாள். டீ ஆறிப்போனாலே வீட்டை இரண்டாக்குகிறவள் முகத்தில் எரிச்சலே இல்லை. சந்தேகம் வலுத்தது.

அதன் பிறகு இன்று காலை பத்து மணிக்கு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, சொத்துக்கு ஆசைப்பட்ட மெக்கானிக் லிஃப்டைத் தானே கெடுத்து எங்கள் பெண்ணை வசப்படுத்துகிறான் என்று புகார் கொடுத்தேன். அதன் பிறகு வீடு திரும்பி, முழங்கால் வலி காரணமாகச் சுமார் இரண்டு மணிக்கு லிஃப்டில் ஏறினேன். இரண்டாம், மூன்றாம் மாடிகளுக்கு நடுவே அது நின்றது. உதவிக்கு யாரையும் கூப்பிட எனக்கு மனமில்லை. அரைமணி கழித்து மெக்கானிக் வந்தான். என் தலைக்கு மேல் நான்கு விரல் இடைவெளி. மூன்றாம் மாடிக் கதவருகே அவள் நிற்க, அவன் மண்டியிட்டு, பூட்டின் இடுக்கிலிருந்து எதையோ உருவுவதைக் கண்டேன்.

"பதினொண்ணாவது கொண்டை ஊசி மேடம். கடையே வைக்கலாம்."

"மேடம்னு சொன்னா பன்னிரண்டாவதும் வரும்."

"கூப்பிட்டா வரமாட்டேனா? மெஷினை ஏன் படுத்துறீங்க? உங்க பெரியப்பா மாட்டிக்கிட்டா என்ன ஆவறது?"

"அவரா? லிஃப்ட் மேலயே கேஸ் போட்டுடுவாரு."

"உள்ளதான் இருக்கேன்டி!" என்று நான் சத்தமிட்டேன்.

அதன் பிறகு அவன் லிஃப்டைச் சற்று மேலே கொண்டுவந்து, என்னைக் கைகொடுத்து ஏற்றிவிட்டான். நான் அந்தக் கையை உதறி, ஊசியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று மணிக்குக் காவலர்கள் வந்து அவனை அழைத்துச் சென்றார்கள். யாரும் சொல்லாமலே அவளும் ஜீப்பில் ஏறினாள். இப்போது வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வழக்குப் பதிவானால் அவன் உரிமம் போய்விடும் என்று கம்பெனி மேலாளர் போனில் சொன்னார்.

நான் உள்ளே இருப்பது தெரிந்தே பேசினார்களோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. இந்தச் சம்பந்தத்துக்கு என் சம்மதம் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் ஊசி அவளுடையது. அதை ஒப்படைத்துள்ளேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் 'அவன் அவளை வரவழைத்தான்' என்றிருந்தது. மாற்றச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானே பெரியவரே" என்றார் எழுத்தர். ஒன்றல்ல. அடித்து, 'அவள் அவனை வரவழைத்தாள்' என்று எழுத வைத்தேன்.

கண்டதையும் கேட்டதையும் தவிர இதில் வேறில்லை. அடித்த இடத்தில் ஒன்றும் கீழே ஒன்றும், இரண்டு கையெழுத்தும் என்னுடையவை.

(ஒப்பம்)