போன் கேட்ட சம்மதம்

கபுயிரே: ...கணக்குலேர்ந்து பணம் பிடிக்க போன்ல சம்மதம் கேக்குற புது முறையை பேங்குகள் ஆரம்பிச்ச அன்னிக்கு பட்டனை அமுக்குறப்ப என் விரல் நடுங்கியிருந்தா, மொத்த நமீபியாவுக்கும் சம்பளம் வந்திருக்காது, ஒட்டீலியா. குனேனே ஆத்துல முதலைகூட வாயை மூடிக்கிட்டுக் காத்திருந்துச்சு.

ஒட்டீலியா: அமுக்கினது நீயா? உன் பழைய ஆபீஸ் பொண்ணு வேற மாதிரில்ல சொன்னா. ரிட்டயர் ஆனவராச்சேன்னு மரியாதைக்குக் கூப்பிட்டாங்களாம். நீ மூலையில உட்கார்ந்து கேக் தின்னியாம்.

கபுயிரே: தின்னுகிட்டேதான் மேற்பார்வை பார்த்தேன்... கறி ஆறுது, மிளகாய்ப் பொடியைத் தொட்டுக்க.

ஒட்டீலியா: உன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்ததுலேர்ந்து இந்தக் கட்டூத்துரா ஊர்ல ஒரு காது விடாம கதை அளந்துக்கிட்டுத் திரியிற. இன்னிக்கு என் காதா?

கபுயிரே: அளக்கலம்மா. முன்னாடி எப்படி இருந்துச்சு? சம்பளம் விழுந்த உடனே இன்சூரன்ஸ்காரன், தவணைக்காரன், எவன் முந்தினானோ அவன் அள்ளிட்டுப் போவான். இப்ப? போன்ல வந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். பழைய பிடித்தத்துக்கெல்லாம்கூட புதுசா சம்மதம் கேட்டாகணும். பக்கத்து நாட்டுக்காரன் எவனும் பொறாமையில தூங்கலையாம்.

ஒட்டீலியா: தெரியும். எனக்கும் வந்துச்சு.

கபுயிரே: ஓ... வந்துச்சா. எதுக்கு?

ஒட்டீலியா: தெரியாத மாதிரிதான் கேக்குற. என் பழைய புருஷன் ஃபானுவேலோட அடக்கச் செலவு இன்சூரன்ஸ். விவாகரத்து வாங்கிக்கிட்டு வால்விஸ் பே ஊர்ல வேற குடும்பம் நடத்துறான். அவனைப் புதைக்க மாசாமாசம் என் பென்ஷன்ல பிடிச்சாங்க. நிறுத்தச் சொன்னா, பேங்க்ல கம்பெனியைக் கேளுங்கன்னாங்க. கம்பெனியில பேங்கைக் கேளுங்கன்னாங்க.

கபுயிரே: அந்தக் காலம் போச்சு. அப்ப... நீ என்ன அமுக்கினே?

ஒட்டீலியா: இரு. முதல்ல போனையே பார்த்துக்கிட்டிருந்தேன். எங்கப்பா கல்யாணம் பேசினப்ப மாப்பிள்ளை வீட்டுல எத்தனை மாடு தருவாங்கன்னுதான் கேட்டாரு. என்னைக் கேக்கல. ஃபானுவேல் போறப்பவும் கேக்கல. இந்தச் சின்னப் பெட்டி நம்ம ஹெரேரோ பாஷையில, 'அம்மா, உங்களுக்குச் சம்மதமா'ன்னு கேக்குது. நம்ம பொம்பளைங்க கட்டுற கொம்புத் தலைப்பாகையைச் சரிபண்ணிக்கிட்டு, ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னேன்.

கபுயிரே: அந்த 'அம்மா' நான் போட்டது. இடம் போதாது, வெட்டுங்கன்னு அந்த மெசேஜை எழுதின கூட்டத்துல எல்லாரும் சொன்னாங்க. அது போனா நானும் போறேன்னு எழுந்துட்டேன்.

ஒட்டீலியா: வாயில கேக்கோடயா?

கபுயிரே: இது ஒண்ணு நிஜம், ஒட்டீலியா.

ஒட்டீலியா: ம்... நிஜந்தான். பொய் சொல்றப்ப உன் புருவம் ஆடும். இப்ப ஆடல.

கபுயிரே: சரி... பதிலைச் சொல்லேன். அந்த ஆளை நீ இன்னும் மனசுல வெச்சிருந்தா... நான் இனிமே இப்படிக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்.

ஒட்டீலியா: இதுக்குத்தான் ஒரு தட்டு கறியா? வேண்டாம்னு அமுக்கிட்டேன். மறுநாளே போய் எனக்குன்னு புதுசா ஒரு அடக்கச் செலவு இன்சூரன்ஸ் எடுத்தேன். புருஷனையும் சேர்க்கலாம்னாங்க. சேர்த்தேன்.

கபுயிரே: புருஷனா... யாரு?

ஒட்டீலியா: கபுயிரேன்னு சொன்னேன். போன் கேட்டுச்சு, சம்மதம்னு அமுக்கிட்டேன். உன்னைத்தான் இன்னும் யாரும் கேக்கல... கேக்கவா?